பலகைத் தரைக்குச் சுவர் ப்ரைமர்: பெகு, ரங்கூன் பக்கம் மரவீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

பர்மாவில் பெகு, ரங்கூன் பக்கம் பழைய மரவீடு வைத்திருக்கிற நம் ஆட்கள் யாராவது தரைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பெகுவில் எங்கள் அப்பா காலத்து வீட்டில் கூடமும் இரண்டு அறைகளும் தேக்குப் பலகைத் தரை. அதை ஒரு பெயிண்டரும் அவருக்குச் சரக்குப் போட்ட கடைக்காரரும் சேர்ந்து பாழாக்கிவிட்டார்கள். இருவரும் தமிழர்கள்தான். பெயிண்டரை எங்களுக்குச் சொன்னதே கோயிலில் பழகிய ஒருவர். "நம்மாளைப் போய் வெளியில் பேசலாமா" என்று வீட்டிலேயே தடுத்தார்கள். நம்மாள் என்ற ஒரே நம்பிக்கையில் பணத்தை எடுத்துக் கொடுக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய இருக்கின்றன. அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பேசியது இதுதான்: பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மரத்துக்கான ப்ரைமர் (பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கிற அடிப்பூச்சு) ஒரு கோட், அதன் மேல் தரைக்கென்றே வருகிற பெயிண்ட் இரண்டு கோட். பேசிய தொகைக்கு ஒரு பைசா குறைக்காமல் கொடுத்தோம். ப்ரைமர் மட்டும் டின்னில் வரவில்லை, பிளாஸ்டிக் வாளியில் வந்தது. டின் எங்கே தம்பி என்று கேட்டேன். "கடையிலயே பதம் பாத்துக் கலந்து வாங்கிட்டேன்க்கா. மரத்துக்குப் போடறதுதான்" என்றார். கடைக்குப் போன் போட்டேன். கடைக்காரரும் அப்படியே சொன்னார்.

அடித்து முடித்த அன்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. நல்ல பளபளப்பு. ஒரு வாரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. அதன் பிறகு அம்மா கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். காலையில் பாயைச் சுருட்டப் போனால் அது தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இழுத்தேன். பாயின் பின்னல் அப்படியே பெயிண்டில் பதிந்திருந்தது, பாயின் அடியில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு. வெறுங்காலோடு நடந்தால் பாதம் பிசுபிசுக்கிறது. நம் வீடுகளில் உட்காருவதும் சாப்பிடுவதும் படுப்பதும் தரையில்தான். அந்தத் தரை ஒட்டினால் வீட்டில் எப்படி இருப்பது?

பெயிண்டரைக் கூப்பிட்டால், "மழைக்காலம்க்கா, மெதுவாத்தான் காயும்" என்றார். மழை ஓரளவு காரணம்தான், மறுக்கவில்லை. வைகாசி தொடங்கி ஐப்பசி வரை இங்கே காற்றே ஈரம். கால் தூக்கிக் கட்டிய வீடு என்பதால் பலகை அடியிலிருந்தும் ஈரம் இழுக்கும். ஆனால் ஆடி மாதத்தில் தரை வேலையை ஒப்புக்கொண்டு, "ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சொன்னவரும் அவரேதான்.

வாசற்படி ஓரத்தில் ஒரு இடம் சிலும்பியிருந்தது. நகத்தால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்கு அப்பளம் போலக் கழன்று வந்தது. திருப்பிப் பார்த்தேன்: பின்பக்கம் முழுக்க வெள்ளை ப்ரைமர். கீழே தேக்கு சுத்தமாக, எண்ணெய் மினுக்கோடு இருக்கிறது. ப்ரைமர் மரத்தைப் பிடிக்கவே இல்லை. பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் நனைத்து அந்த வெள்ளையைத் தேய்த்தேன். குழைந்து பஞ்சோடு வந்துவிட்டது. தண்ணீர் கலந்து அடிக்கிற பெயிண்ட், ப்ரைமர் எல்லாம் ஸ்பிரிட்டுக்கு இளகும், காய்ந்த எண்ணெய் ப்ரைமர் அப்படி இளகாது. சந்தேகம் உள்ளவர்கள் ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அதற்கு மேலும் சாட்சி கிடைத்தது. வீட்டுக்கு அடியில் விறகு அடுக்கியிருந்த இடத்தில் காலி டின்கள் கிடந்தன. மேலே அச்சடித்திருந்தது சுவர் ப்ரைமர் என்று.

சுவர் ப்ரைமர் சிமெண்டுப் பூச்சுக்குச் செய்த சரக்கு. பூச்சில் இருக்கிற காரத்தைத் தாங்கும், மேல் பெயிண்டைச் சுவர் உறிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்ளும். காலடியும் நாற்காலிக் கால் இழுபடுவதும் அதற்குப் பழக்கமில்லை. தேக்குக்கு அது இன்னும் மோசம். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் அண்டாததற்கும் தண்ணீரில் அழுகாததற்கும் அதுவும் ஒரு காரணம். பெயிண்டுக்கோ அதே பசைதான் எதிரி. ஒட்டவும் விடாது, எண்ணெய்ப் பெயிண்டைச் சீக்கிரம் காயவும் விடாது. உப்புத்தாள் போட்டு, தின்னரோ அசிட்டோனோ நனைத்த துணியால் துடைத்து, அது பறந்தவுடன் தாமதிக்காமல் எண்ணெய் ப்ரைமர் அடிக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டால் உள்ளேயிருந்து எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். எங்கள் வீட்டில் துடைக்கவே இல்லை. ஈரத்துணியால் தூசி தட்டியதோடு சரி.

மேல் பெயிண்டிலும் கோளாறு. தின்னருக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். முதல் நாளே வாடை வந்தது, கேட்டதற்குப் பெயிண்ட் வாடை என்றார். மண்ணெண்ணெய் மெதுவாகத்தான் பறக்கும், எண்ணெய்ப் பசையையும் விட்டுவிட்டுப் போகும். அதோடு முதல் கோட் காயும் முன்பே இரண்டாவதைக் கனமாகப் போட்டால் மேலே தோல் கட்டும், உள்ளே பச்சையாகவே இருக்கும். பாய் ஒட்டியது அதனால்தான். போட்ட பெயிண்டும் தரைப் பெயிண்ட் இல்லை, கதவு ஜன்னலுக்கு அடிக்கிற சாதாரண எனாமல். தரைக்கென்று பாலியூரித்தேன் கலந்து வருவது வேறு. தேய்மானத்துக்கும் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்பதற்கும் அதுதான் தாங்கும்.

கணக்கிலும் கை வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான பெயிண்ட் ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வரும். எங்கள் தரை 500 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 10 லிட்டர் போதும், சிந்திச் சிதறியதற்குக் கொஞ்சம் கூடச் சேர்க்கலாம். பில்லில் இருந்தது 20 லிட்டர். பில்லையும் காலி டின்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். "திறந்த டின்னுக்கு நாங்க பொறுப்பில்லம்மா" என்று ஒரே பேச்சு. வாளியில் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. பெயிண்டர் பிறகு போனையே எடுக்கவில்லை.

இதையெல்லாம்விட என்னால் மன்னிக்க முடியாதது ஒன்று. பழைய பெயிண்டை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தார். கூடம் முழுக்கச் சிவப்புத் தூசி. அடுத்த அறையில் என் தங்கையின் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசி வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்க்க வேண்டும், தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது. தொழில் செய்கிற ஆளுக்கு இது தெரியாமல் இருக்க நியாயமில்லை. புதுப் பெயிண்ட் வாங்கும்போதும் டின்னில் ஈயம் சேர்க்காதது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு பரிந்துரைக்கும் உச்ச அளவு பத்து லட்சத்தில் 90 பங்கு.

மழை விட்ட பிறகு, கார்த்திகையில், வயதான ஒரு பர்மியத் தச்சரை வைத்து எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தோம். அந்த ஐயா பலகை இடுக்குகளை அடைக்கக் கெட்டியான பட்டி வைக்கவே விடவில்லை. வெயில் காலத்தில் பலகை சுருங்கும், மழையில் உப்பும், பட்டி நொறுங்கித் துண்டு துண்டாக வெளியே வரும் என்றார். மூலையில் ஒரு பலகையில் மட்டும் முதலில் துடைத்து, ப்ரைமரும் பெயிண்டும் அடித்துக் காயவிட்டார். அதில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துக் காட்டினார். ஒன்றும் பெயரவில்லை. அதன் பிறகுதான் மற்றப் பலகைகளைத் தொட்டார். கோட் ஒவ்வொன்றும் மெல்லிசு. நடப்பதற்கு மறுநாளே சம்மதித்தார், பாய் விரிக்கவும் பீரோவை ஏற்றவும் இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னார். இப்போது அம்மா அங்கேதான் படுக்கிறார்.

டின் உங்கள் கண்முன்னால்தான் திறக்கப்பட வேண்டும். மூடியில் நெம்பிய தடம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். வாளியில் வந்தால் எதைச் சொன்னாலும் வாங்காதீர்கள். காலி டின்களை வேலை முடியும்வரை நீங்களே எடுத்து வையுங்கள். கூலியில் கால்பங்காவது தரை காய்ந்து நடந்து பார்த்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அதே ஆள் ரங்கூனில் ஒரு வீட்டுத் தரைக்கு முன்பணம் வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாளியில் ப்ரைமர் வந்து இறங்கியிருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் இன்றே வேலையை நிறுத்திவிட்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். கழன்று வந்த பெயிண்டையும் காலி டின்களையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன், பில்லோடு சேர்த்து அனுப்புகிறேன்.