நானே கட்டுன கிட்டாருக்கு வாங்குன புது நெக்

பழைய நெக் (விரல் வச்சு வாசிக்கிற நீளமான கழுத்துப் பகுதி) முறுக்கிக்கிச்சு, ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள இருக்குற, வளைவை சரிபண்ற கம்பி) எவ்வளவு திருப்புனாலும் சரியாகல, அதனால ஒரு ரோஸ்டட் மேப்பிள் (சூட்டுல பதப்படுத்துன மேப்பிள் மரம்) நெக் ஆர்டர் பண்ணேன். வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் அளந்தே ஆகணும். ஒன்னு ஸ்கேல் லெங்த் (அதிர்ற கம்பியோட நீளம்), என் பாடி 25.5 இஞ்சுக்கு கட்டுனது, அதுல பிரிட்ஜை (பாடி மேல கம்பியைத் தாங்குற பாகம்) நகர்த்தாம சாதாரண கிப்சன் கம்பெனி அளவு 24.75 நெக்கை சும்மா மாட்டுனா சுருதியே சேராது. இன்னொன்னு ஹீல் (பாடியோட சேருற நெக் அடிப்பக்கம்) அகலம், ஃபெண்டர் கம்பெனி ஸ்டைல் பாக்கெட்னா (பாடியில நெக் உக்கார்ற பள்ளம்) சுமார் 56 மில்லிமீட்டர். இது உள்ள போய் கச்சிதமா உக்காந்துச்சு, பேப்பர் கூட நுழையல!

கைக்கு சூப்பர், பின்பக்கம் சி ஷேப், விரல் வைக்கிற பக்கத்து வளைவு 9.5 இஞ்ச் ரேடியஸ், கார்டு பிடிக்க சுகமா இருக்கு. ஆனா ஃபிரெட் (நெக் மேல குறுக்கா பதிச்ச உலோகப் பட்டை) ஓரமெல்லாம் ரம்பம் மாதிரி, ஒரு சாயங்காலம் முழுக்க ஃபைல் போட்டேன். நட்டும் (தலைப்பக்கம் கம்பியைத் தாங்குற சின்னக் கட்டை) உயரம், முதல் ஃபிரெட்ல அமுக்குனா ஸ்வரம் ஷார்ப்பா (சுருதிக்கு மேல) போகுது, அதையும் தேய்க்க வேண்டியிருந்துச்சு. ட்யூனர் (கம்பியை முறுக்கி சுருதி சேர்க்குற முடுக்கி) ஓட்டை 10 மில்லிமீட்டர், என்கிட்ட இருந்தது பழைய மாடல் ஒல்லி ட்யூனர், அதுக்கு தனியா புஷ்ஷிங் (ஓட்டை இடைவெளியை அடைக்கிற வளையம்) தேடுனேன் (என் தப்புதான், பாக்காம விட்டது). ட்ரஸ் ராட் திருகு தலைப்பக்கமே இருக்கு, ஹீல்ல இருக்குறதுன்னா பல மாடல்ல ஒவ்வொரு தடவையும் நெக்கையே கழட்டணும். ஃபைல் பிடிக்க தெரிஞ்சா வாங்கலாம், 5க்கு 3.5.