கச்சான் காற்றும் கைப்பேசிச் செவிப்பரிசோதனையும்: இரண்டு ஆண்டு அனுபவம்

திருகோணமலைக்கு அருகே உப்புவெளியில் வசிக்கும் என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவுட்போட் எஞ்சின் பூட்டிய படகில் தொழிலுக்குப் போனவர். அந்த இரைச்சல் அவருடைய செவிகளில் ஏற்படுத்திய குறையை, இரண்டு ஆண்டுகளாகக் கைப்பேசிச் செயலியொன்றினால் மாதம் ஒரு முறை அளந்து குறித்து வருகிறேன். ஒப்பிடுவதற்கு, தொடக்கத்தில் மருத்துவமனையின் ஒலித்தடுப்பு அறையில் எடுத்த ஆடியோகிராம் (செவித்திறன் வரைபடம்) கைவசம் இருந்தது.

இரைச்சல் பெரும்பாலும் முதலில் பாதிக்கும் உயர் சுருதியான 4000 ஹேர்ட்ஸ் பகுதியில் இரண்டு அளவீடுகளுக்கும் இடையே 5 டெசிபலுக்கு மேல் வேறுபாடு வந்ததில்லை. ஒலித்தடுப்பு அறையிலேயே மறுநாள் அளந்தாலும் அவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும். தாழ்ந்த சுருதி ஒலிகளில்தான் சிக்கல் எழுந்தது. தென்மேற்குப் பருவக்காற்றான கச்சான் தகரக் கூரையை உலுக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் 250, 500 ஹேர்ட்ஸ் அளவுகள் 20 டெசிபல் வரை மோசமாகக் காட்டின. காற்று ஓய்ந்த விடியற்காலையில், மின்விசிறியையும் நிறுத்திவிட்டு அளந்தபோது அவை பழைய இடத்துக்கே திரும்பின. ஹெட்போன் பழுதாகி வேறொன்று வாங்கிய மாதத்திலோ வரைபடம் முழுவதுமே 10 டெசிபல் இறங்கிவிட்டது. எந்த ஹெட்போன் எவ்வளவு சத்தத்தை வெளியிடுகிறது என்பது அந்தச் செயலிக்குத் தெரியாது.

இரைச்சலுக்கு நடுவே சொல்லப்படும் இலக்கங்களைக் கேட்டு அழுத்தும் பரிசோதனை இவ்விடயத்தில் மேலானது. உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட செயலியும் இம்முறையையே பயன்படுத்துகிறது. பேச்சுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தையே அது அளப்பதால் ஹெட்போன் மாறினாலும் முடிவு அவ்வளவாகப் பிறழ்வதில்லை. ஆங்கில இலக்கங்களுக்குப் பழக அப்பாவுக்கு இரண்டு தடவைகள் தேவைப்பட்டதால், அவ்விரண்டு முடிவுகளையும் கணக்கில் சேர்க்கவில்லை.

சென்ற ஆண்டு வலது காது மட்டும் எல்லா ஒலிகளிலும் 25 டெசிபல் குறைந்தது. இணையவழியில் பரிசோதித்த ஒரு விற்பனை நிலையம், காதுக்குள் எதையும் பார்க்காமலே, வலுக்கூடிய செவிப்புலன் கருவியைப் பரிந்துரைத்தது. அது என்னை மிகவும் வருத்தியது. ஒரு காது திடீரென மந்தமானால் நாட்கணக்கில் காத்திருக்கக் கூடாது என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் சென்றோம். எலும்பு வழியாகக் கேட்கும் திறனை அளந்தபோது உட்செவியில் புதிய மாற்றம் எதுவும் இல்லை; ஹெட்போனால் இதை அறிய வழியில்லை. மருத்துவர் இறுகிக் கிடந்த குறும்பியை (காது அழுக்கை) அகற்றினார். அடுத்த விடியற்காலை, அதே ஹெட்போனில், வலது காதின் கோடு முந்தைய மாதத்துக் கோட்டின் மேலேயே வந்து அமர்ந்தது.