பெரிய கண்ணாடி வேலைக்கு நார்ட்டெல் மைனரா, கார்லைல் மினி சிசியா?

டார்ச் சுடரில் கண்ணாடி மணிகள் செய்து பழகியவர்கள், பெரிய உருவங்களுக்கு நகரும்போது இவ்விரண்டு டார்ச்சுகளுக்கும் இடையே தயங்குகிறார்கள்.

சுடர்: மைனரின் சுடர் ஒடுக்கமானது என்பதால், பெரிய துண்டின் ஒரு பக்கத்தை உருக்கும்போதே மறுபக்கம் ஆறி விரிசல் விடக்கூடும். மினி சிசியின் சுடரோ அதைவிட அகலமானது என்பதால், முழுத் துண்டையும் சூடாக வைத்திருப்பது எளிது. முடிவைத் தீர்மானிக்க வேண்டியது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

ஆக்சிஜன்: மைனருக்கு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் ஒரு செறிவூட்டி போதும். மினி சிசியின் சுடரை முழுதாகத் திறந்தால் அது போதாமல் போகலாம். செலவு அங்கேதான் ஏறும்.

விலை: மைனர் மலிவு.

குறைந்த வெப்பத்தில் இளகும் மென்கண்ணாடி மணிகளுக்கு மைனரே பொருந்தும். இளக அதிக வெப்பம் தேவைப்படும் போரோசிலிகேட் கண்ணாடியில் பெரிதாகச் செய்ய விரும்புவோர், ஆக்சிஜனுக்கும் பணம் ஒதுக்கிய பிறகு மினி சிசியை வாங்கலாம்.