விஷச்செடி: ஒழிப்பதா, மந்தையை மாற்றி மேய்ப்பதா?

மேய்ச்சல் நிலத்தில் விஷச்செடி தலைகாட்டியதும் வரும் குழப்பம் இது. பிடுங்கியோ களைக்கொல்லி அடித்தோ செடியை ஒழிப்பதா, மேய்க்கும் இடத்தையும் காலத்தையும் மாற்றுவதா?

செலவு
ஒழிப்பு: மருந்து, கூலி இரண்டும் உண்டு. நிலம் பெரிதானால் கட்டுப்படியாகாது.
மாற்றம்: கைக்காசு குறைவு. வேலியும் ஆளின் கவனமும் வேண்டும்.

நிலைப்பு
ஒழிப்பு: மண்ணில் கிடக்கும் விதை மறுபடி முளைக்கும்.
மாற்றம்: செடி இருக்கும், ஆனால் புல் அடர்ந்தால் பரவ இடம் குறையும்.

ஆபத்து
ஒழிப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மருந்து பட்டு வாடும்போது சில செடிகள் மாட்டுக்கு இன்னும் ருசியாகிவிடும், விஷமோ அப்படியே இருக்கும். ராக்வார்ட் என்ற மஞ்சள் பூ விஷச்செடி காய்ந்து, தீவனமாக உலர்த்திய புல்லில் கலந்தாலும் கல்லீரலைக் கெடுக்கும். அடித்த இடத்தில் செடி மட்கும்வரை மந்தையை விடாதீர்கள்.
மாற்றத்தில் பெரிய தவறு, பசித்த மந்தையை நேரே செடி நடுவே ஓட்டுவது. வயிறு நிறைந்த மாடு பெரும்பாலும் அவற்றை ஒதுக்கிவிடும். அப்புறம், விலங்கும் முக்கியம்: லார்க்ஸ்பர் என்ற விஷச்செடி மாட்டைக் கொல்லும், செம்மறி ஆடு அதை நன்றாகத் தாங்கும்.

தண்ணீர்த் தொட்டி ஓரம், பட்டி வாசல், சின்னத் திட்டு என்றால் ஒழித்துவிடுங்கள். பரந்த நிலத்துக்கு என் ஓட்டு மாற்றத்துக்கே. புதிதாக வாங்கிவந்த மாடுகளை மட்டும் முதல் சில நாள் தனியே வைத்துத் தீனி போடுங்கள். இடம் புதிது, எதை ஒதுக்குவது என்று அவற்றுக்குத் தெரியாது.