ஆறு இடமா, ஒரு மழைக்காலமா? மலையகத்தின் இளம் பொறியியலாளர்களை எப்படிப் பழக்குவது

பட்டம் முடித்து வரும் பிள்ளைகளை எப்படிப் பழக்குவது என்று பேச்சு வந்தால் எங்கள் அலுவலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். மாதம் ஒரு பிரிவாக ஆறு இடம் சுற்றி எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்பது ஒரு பக்கம். ஒரு மூத்தவரிடம் ஒப்படைத்து ஒரே சைட்டில் விடு, வேலை தானாகப் படியும் என்பது மறுபக்கம். இப்போது மூன்றாவதும் வந்திருக்கிறது: கொழும்பிலோ மெல்பேர்னிலோ இருக்கும் ஒருவர் ஸூமில் வழிகாட்டுவது. ஹட்டன் பக்கம் சரிவும் சுவரும் வடிகானுமாகப் பதினைந்து வருடம் வேலை செய்த எனக்கு மூன்றிலும் அனுபவம் உண்டு. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைச் சரிவில் வேலை பழக வந்தவரை ஒரு முழு மழைக்காலம் முடியும்வரை இடம் மாற்றக் கூடாது.

சுழற்சி முறை அழகாகப் பொருந்தும் இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தில் வேலை செய்துவிட்டு நோர்ட்டன் குளத்துக்கு வந்து, அங்கிருந்து பழைய லக்ஷபான மின்நிலையத்துக்கு இறங்குகிறது. மவுஸ்ஸாக்கலைத் தண்ணீர் கெனியன் வழியாகப் புதிய லக்ஷபானவுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து கடைசியில் பொல்பிட்டிய. பழைய லக்ஷபான 1950இல் ஓடத் தொடங்கியது, கெனியன் 1983இல் வந்தது. ஒரே தொடருக்குள் இரண்டு மூன்று தலைமுறை இயந்திரங்கள். இந்தத் தண்ணீரோடு சேர்ந்து நிலையம் நிலையமாகக் கீழே இறங்கும் பயிலுநருக்கு ஒவ்வொரு மாற்றமும் முந்திய பாடத்தின் தொடர்ச்சி. மேலே ஓர் இயந்திரம் நின்றால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பது அவருக்கு மனப்பாடமாகிவிடும். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரும் அப்படித்தான். கொழுந்தை வாட்டுவதில் தொடங்கி அரைத்து, புளிக்கவைத்து, காயவைத்துச் சலிப்பது வரை வரிசையாக நின்று பார்த்தால்தான் பிடிபடும். அங்கே சுழற்சி வேண்டும்.

சரிவுக்கு அந்த வரிசை கிடையாது. அது வருடத்தில் சில வாரங்கள்தான் வாயைத் திறக்கும். ஹட்டன், வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்துக்கு மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும். பெப்ரவரியில் ஹட்டனும் ஜூலையில் பதுளையும் என்று அட்டவணை போட்டால், பிள்ளை இரண்டு காய்ந்த மலையைப் பார்த்துவிட்டுச் சான்றிதழோடு வீட்டுக்குப் போகும். பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு வந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29இல். அந்த மலைக்கு அது மழைக்காலம்.

ஒரு ஜூன் மாதம். கினிகத்தேனைக்குக் கிட்ட, ஒரு லயத்துக்கு மேலே கட்டிய கருங்கல் தாங்குசுவர். இரண்டு நாளாக விடாத மழை. என்னோடு வந்த தம்பி வரைபடத்தை விரித்து உயரம், அடி அகலம், நீர் வடியும் ஓட்டைகளுக்கு இடையிலான தூரம் எல்லாவற்றையும் ஒத்துப் பார்த்தார். “எல்லாம் சரி சேர். ஓட்டையிலகூட ஒரு சொட்டு வரல்ல” என்றார், சந்தோஷமாக. எங்களோடு நின்ற ஓவர்சியர் அண்ணன், முப்பது வருடம் சைட்டிலேயே இருந்தவர், ஒன்றும் பேசாமல் ஒரு கம்பித் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “குத்திப் பாருங்க தம்பி.” இரண்டு விரற்கடை உள்ளே மண் இறுகிக் கிடந்தது. நாலாவது குத்தில் செம்மண் தண்ணீர் பீறிட்டு அவர் சப்பாத்தை நனைத்தது. அவ்வளவு தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நின்று அதைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று மாலைக்குள் பதினெட்டு ஓட்டைகளையும் தம்பியே குத்தித் திறந்தார்.

பெப்ரவரியில் வந்திருந்தால் காய்ந்த ஓட்டை சரியான ஓட்டைதான். மழையில் காய்ந்திருப்பதுதான் ஆபத்து. இதை வகுப்பில் சொல்லலாம், அவரும் பரீட்சையில் எழுதிவிடுவார். ஆனால் சப்பாத்து நனைந்த பிறகு அவர் எந்தச் சுவரையும் கம்பியில்லாமல் பார்க்கப் போனதில்லை.

சரி, அப்படியானால் ஒருவரிடம் ஒட்டிவிடும் முறையே போதுமா? போதாது. அதன் குறை எனக்கே நடந்தது. முதல் வருடம் நான் பயின்ற இடத்தில் எட்டு மாதம் அளவு எடுத்தேன், பில் எழுதினேன், போட்டோ கொப்பி அடித்தேன். பயிற்சிக் குறிப்பேட்டின் எட்டு மாதப் பக்கங்களிலும் ஒரே மாலையில் கையெழுத்து விழுந்தது. பொறுப்பாக இருந்தவர் கெட்டவர் இல்லை. அவருக்கு வேலை முடிய வேண்டும், நான் கையில் கிடைத்த ஆள். ஒரே மூத்தவரிடம் விட்டால் அவருடைய குறுக்கு வழிகளும் சேர்ந்தே படிந்துவிடும். அவர் மாற்றலாகிப் போனால் பயிற்சியும் அன்றோடு நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வேலை வாங்குகிறவரும் வழிகாட்டியும் ஒரே ஆளாக இருந்தால் “எனக்கு இது விளங்கல்ல” என்ற வார்த்தை பிள்ளையின் வாயிலிருந்து வரவே வராது. வருட முடிவில் தன்னைப் பற்றி எழுதப்போகும் ஆளிடம் யார் அதைச் சொல்வார்? ஆகவே சைட்டில் வேலை வாங்க ஒருவரும், அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாத இன்னொருவரும் வேண்டும். இரண்டாமவர் இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் தேநீர் குடித்துக்கொண்டு பேசினால் போதும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய வேலை நேரமாக நிறுவனம் கணக்கில் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மூன்றாவது சந்திப்பு நடக்காது.

இந்த இரண்டாமவர் இடத்துக்குத்தான் தொலைவழி வழிகாட்டி நன்றாகப் பொருந்துகிறார். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014இல் இலங்கை முழு உறுப்பானது. அங்கீகாரம் பெற்ற நம் பொறியியல் பட்டங்களுக்கு அதனால் வெளியிலும் மதிப்பு உண்டு. பேராதனையிலும் மொறட்டுவையிலும் படித்துப் பல நாடுகளுக்குப் போனவர்களில் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். கணக்கைச் சரிபார்க்க, பட்டயப் பொறியியலாளர் தகுதிக்கு அறிக்கை எழுத, வேலை மாறலாமா என்று கேட்க அவர்கள் கைகொடுப்பார்கள். குறிப்பாக நம் பெண் பிள்ளைகளுக்கு. சைட்டில் மூத்த பெண் ஒருவர்கூட இல்லாத இடத்தில், கழிப்பறைகூட இல்லாத சைட்டை எப்படிச் சமாளிப்பது என்று கேட்க, அந்த வழியில் வந்த ஒரு அக்கா தொலைபேசியில் இருப்பது பெரிய தெம்பு. ஆனால் ஸூமில் மண் வாசனை வராது. சுவருக்குக் கீழே நிற்பவரின் இடத்தை அவரால் நிரப்ப முடியாது.

மொழியையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் பிள்ளை ஆங்கிலத்தில் படித்து, சிங்களத்தில் நடக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து, லயத்து மக்களிடம் தமிழில் விசாரிக்கிறது. கதவு திடீரென்று இறுகுவதையும் மலை ஊற்றுப் பீலித் தண்ணீர் கலங்கி வருவதையும் முதலில் சொல்வது அந்த மக்கள்தான். அவை சரிவு நகர்வதன் அறிகுறிகள். கேட்டதைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்று பழக்குவதும் பயிற்சிதான். எந்த அட்டவணையிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

அடுத்த வருடத்துக்கு எங்கள் அலுவலகத்தில் இரண்டு இடம் கேட்டிருக்கிறேன். இருவரும் ஏப்ரல் முடிவதற்குள் வர வேண்டும். செப்டெம்பர் வரை ஓவர்சியர் அண்ணனோடு ஒரே வீதிப் பகுதியில் வேலை, மழை குறைந்த பிறகு ஒக்டோபரில் பதுளைப் பக்கம். அண்ணனுக்கு அடுத்த வருட நவம்பரில் ஓய்வு. அதனால் அதற்கு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறேன்.