பத்து நாள் மௌனமா, அத்தையோடு திருவண்ணாமலையா?

நாற்பதைத் தாண்டியதும் தியானம் பண்ண வேண்டும் என்ற ஆசை எங்கிருந்துதான் வருமோ, வந்துவிடுகிறது. எனக்கு அது ஒற்றைத் தலைவலி வழியாக வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கொஞ்சம் டென்ஷனைக் குறைச்சுக்கோங்க" என்று வேறு சொல்லி அனுப்பினார். கூட வந்த வீட்டுக்காரர் அதற்குத் தலையாட்டியதைப் பார்த்ததும் டென்ஷன் ஏறியது வேறு கதை.

அதற்கப்புறம் இரண்டு வழியையும் பார்த்தாயிற்று. முதலில் விபாசனா என்கிற தியானப் பயிற்சியின் பத்து நாள் மௌன முகாம், தனியாக. அப்புறம் மாமியார், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பத்தோடும் திருவண்ணாமலை: ரமணாசிரமம், கிரிவலம் எல்லாம். எதற்குப் போகலாம் என்று என்னைக் கேட்பவர்களிடம் திருவண்ணாமலை என்றுதான் சொல்கிறேன். அங்கே எங்கள் மானம் தவணை முறையில் போனது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. விபாசனாவில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம் கிடையாது, முகாமை முடித்தவர்கள் விருப்பப்பட்டால் நன்கொடை கொடுக்கலாம், அவ்வளவுதான். ரமணாசிரமத்திலும் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அறை கிடைத்தால் வாடகை என்று எதுவும் இல்லை. எங்கள் படையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே இறங்க எனக்குத் தைரியம் இல்லாததால் வெளியே லாட்ஜ் எடுத்தோம். மற்றபடி வேன் வாடகை, செஞ்சி தாண்டுவதற்குள் சின்னவன் வாந்தி எடுத்த இருக்கையைக் கழுவ டிரைவர் தனியாகக் கேட்டது, இவ்வளவுதான்.

விபாசனாவை நம் நாட்டில் பரப்பிய கோயங்கா 1924இல் பர்மாவில் பிறந்தவர், வியாபாரி. அவரும் என்னைப் போல ஒற்றைத் தலைவலிக்காரர்தான். அதற்கு வைத்தியம் தேடிப் போன இடத்தில்தான் சயாஜி ஊ பா கின் என்கிற குருவிடம் தியானம் கற்றுக்கொண்டார். 1969இல் இந்தியாவுக்கு வந்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார், 1976இல் மகாராஷ்டிராவில் இகத்புரி மையம் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் இருக்கிறது. ஒரு தலைவலிக்காரர் சொல்வதை இன்னொரு தலைவலிக்காரி கேட்கலாம் என்றுதான் விண்ணப்பம் போட்டேன்.

உள்ளே போனதும் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். புத்தகம், பேனா, ஜெபமாலை எதுவும் கூடாது. காலை நாலு மணிக்கு மணி அடிக்கும், ஆறரைக்குக் காலைச் சாப்பாடு, பதினோரு மணிக்கு மதியச் சாப்பாடு, சாயங்காலம் ஐந்து மணிக்குப் புதியவர்களுக்கு டீயும் பழமும், அதோடு அன்றைய சாப்பாடு முடிந்தது. ராத்திரி கோயங்காவின் உரையைப் பதிவாகப் போடுவார்கள், அதுதான் நாளின் ஒரே பொழுதுபோக்கு. பேசக் கூடாது, சைகை கூடாது, பக்கத்துக் கட்டில்காரியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. முதல் மூன்று நாளும் மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே மூச்சு வந்து போவதைக் கவனிப்பது மட்டும்தான் வேலை. எனக்கு அந்த இடத்தில் மூச்சு தெரிந்த நேரத்தைவிட, சின்ன நாத்தனார் கல்யாணத்தில் எனக்கென்று எடுத்துக் கொடுத்த அந்த வெளிறிய பச்சைப் புடவை தெரிந்த நேரம்தான் அதிகம். பதினேழு வருஷம் ஆயிற்று, மறந்துபோச்சு என்றுதான் நினைத்திருந்தேன். மடிப்பு மடிப்பாக வந்து நின்றது.

நாலாம் நாளுக்கு மேல் அதிட்டானம் என்று ஒன்று வரும். தினமும் மூன்று வேளை, ஒரு மணி நேரம், கை கால் அசைக்காமல் கண் திறக்காமல் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஹாலில் யாருக்காவது ஏப்பம் வரும், ஒருவருக்கு வந்தால் வரிசையாக நாலு பேருக்கு வரும், அப்புறம் எங்கேயோ ஒரு மூலையில் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் மூக்கு வழியாக வரும். இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பது. எனக்கு மட்டும் நடந்தது வேறு. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, சேவைக்கு இருந்த அம்மா ஒருவர் மெதுவாக வந்து என்னை வெளியே கூப்பிட்டார். அவசரம் என்றால் மட்டும் தொடர்புகொள்ளச் சொல்லி வீட்டில் முகாம் ஆபீஸ் நம்பர் கொடுத்திருந்தேன், அதனால் நெஞ்சு திக்கென்றது. அவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சீட்டில், "நாலு டம்ளர் அரிசிக்கு உளுந்து எவ்வளவு? வெந்தயம் போடணுமா?" என்று இருந்தது. ஒரு டம்ளர், போடணும் என்று அவரிடமே பேனா வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மௌனமும் கலையவில்லை, மாவும் கெடவில்லை.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. ஒருநாள் சாயங்காலம் முழங்கால் வலி தாங்க முடியாமல் கொதித்து, அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தபோது மெல்லக் கரைந்து போனது. அந்த ஆழம் திருவண்ணாமலையில் எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததாகச் சொன்னால் பொய். தலைவலி? கொஞ்சம் இடைவெளி விட்டு வருகிறது. அது தியானத்தாலா, ராத்திரிச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடிப்பதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, அப்படியானால் ஏன் திருவண்ணாமலை பக்கம் சாய்கிறேன் என்றால், எல்லாம் திரும்பி வந்தபின் நடப்பதை வைத்துத்தான். கற்றுக்கொள்வது பெரிய விஷயமே இல்லை, கட்டிக் காப்பாற்றுவதுதான் பாடு. முகாம் முடியும்போது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லி அனுப்புகிறார்கள். நியாயமான கோரிக்கைதான், எங்கள் வீட்டைத் தவிர. காலை ஐந்து மணிக்குப் பால், ஐந்தரைக்குத் தண்ணீர் மோட்டார், ஆறு மணிக்குப் பெரியவளின் டியூஷன். இதற்கு நடுவில் நான் கண்ணை மூடி உட்கார்ந்தால் அத்தை வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" சின்னவன் என் இமையை விரலால் தூக்கி, உள்ளே நான் இருக்கிறேனா என்று பார்த்தான். வீட்டுக்காரர் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நான் உட்காரும்போதெல்லாம் பொருள் தேடுகிற சத்தம் மட்டும் அடுத்த அறையிலிருந்து வரும். கதவு திறக்கும், மூடும், திறக்கும். என் கோபம் அவர்கள் மேல்கூட இல்லை. அங்கே நான் என்ன செய்தேன் என்று இவர்கள் யாரும் பார்க்கவில்லையே. அவர்களைப் பொறுத்தவரை நான் பத்து நாள் எங்கேயோ சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தவள், இப்போது வீட்டிலும் சும்மா உட்காருகிறேன். ஒரு மணி நேரம் அரை மணியாகி, அரை மணி கால் மணியாகி, ஆடி மாதம் வருவதற்குள் நின்றே போனது.

இப்போது திருவண்ணாமலை. பௌர்ணமி வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிடுவோம் என்று சாதாரண நாளாகப் பார்த்துப் போனோம். ஆசிரமத்தில் பழைய ஹால் என்று ஒன்று இருக்கிறது, ரமணர் பல வருஷம் உட்கார்ந்திருந்த இடம். அவருடைய சோபாவில் இப்போது படம் வைத்திருக்கிறார்கள், சுற்றி எல்லோரும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்களும் போய் உட்கார்ந்தோம். ஐந்து நிமிஷம் அருமையாகப் போனது. அப்புறம் சின்னவன், ஜன்னலோரம் சிலை மாதிரி உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரரைக் காட்டி, ஹாலே கேட்கிற மாதிரி, "அம்மா, அந்தத் தாத்தா செத்துட்டாரா?" என்றான். தாத்தா கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் லேசாக ஆடியது. அவருக்குத் தமிழ் தெரியும் என்று அப்போதுதான் புரிந்தது.

அவனை வெளியே இழுத்துக்கொண்டு வந்தால் அடுத்தது அத்தை. பதினாறு வயதுப் பையனாக 1896இல் அண்ணனின் காலேஜ் ஃபீஸ் பணத்திலிருந்து மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு மதுரையிலிருந்து ரமணர் கிளம்பி வந்த கதையைப் பெரியவள் அத்தைக்குப் படித்துச் சொல்லியிருக்கிறாள். "பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல!" என்று அத்தை சமாதிக்கு எதிரில் நின்றுகொண்டே கேட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் கோபப்படாமல், தாயார் அழகம்மாளும் பின்னால் இங்கேயே வந்து மகனோடு மலைமேல் கந்தாசிரமத்தில் இருந்தார், அங்கே சமைத்துப் போட்டார், 1922இல் அவர் காலமான பிறகு அவருடைய சமாதியைச் சுற்றித்தான் இந்த ஆசிரமமே வளர்ந்தது என்று எடுத்துச் சொன்னார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே திரும்பி என் வீட்டுக்காரரிடம், "கேட்டுக்கடா" என்றார். அவர் என்ன தப்பு செய்தார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பதினொன்றரைக்குத் தரையில் இலை போட்டுச் சாப்பாடு. வந்திருந்த வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் சம்மணம் போட்டு ரசம் சாதத்தை ஒழுகாமல் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, கும்பகோணத்துக்காரரான என் வீட்டுக்காரரால் உட்காரவும் முடியவில்லை, உட்கார்ந்த பிறகு எழுந்திருக்கவும் முடியவில்லை. ஜெர்மன்காரப் பெண் ஒருத்தியும் நானும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினோம். வாசலில் குரங்கு எங்கள் முறுக்கு டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போனதையெல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை, அது அங்கே வருகிற எல்லோருக்கும் நடப்பது.

சாயங்காலம் கிரிவலம், 14 கிலோமீட்டர், செருப்பில்லாமல். வழியில் எட்டு லிங்கங்கள். ஒவ்வொன்றிலும் அத்தை நின்று எங்கள் எல்லோர் பேர், நட்சத்திரம், ராசி சொன்னார். ஏழாவதாக வருவது குபேர லிங்கம், பணக் கஷ்டம் தீர வேண்டிக்கொள்கிற இடம். அங்கே பேர் நட்சத்திரத்தோடு நிறுத்தாமல், "வீட்டுக் கடன் முப்பத்தெட்டு லட்சம் சாமி, இன்னும் பதினாலு வருஷம் இருக்கு" என்று குருக்களிடம் கணீரென்று அறிவித்தார். எங்களுக்கு இரண்டு பேர் தள்ளி வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் வீட்டுக்காரரின் ஆபீஸ்காரர். திங்கட்கிழமை டீ இடைவேளையில், வட்டி எவ்வளவு என்று ஆளாளுக்கு விசாரித்தார்களாம்.

இவ்வளவு நடந்தும் எதற்கு இதைச் சிபாரிசு செய்கிறேன்? ஊருக்கு வந்து இரண்டு நாள் கழித்து, விளக்கேற்றிய கையோடு அத்தை சொன்னார்: "அங்க உட்கார்ந்தியே, அந்த மாதிரி கொஞ்ச நேரம் உட்காரு. குக்கரை நான் பார்த்துக்கறேன்." விபாசனாவில் இது கிடைக்காது. தெரிந்தவர் தெரியாதவர் என்று ஒரு ஹால் நிறையப் பேர் பேசாமல் உட்கார்ந்திருப்பதையும், அதை யாரும் நோய் என்று நினைக்காததையும் அத்தை தன் கண்ணால் பார்த்துவிட்டார். இப்போது தினமும் ஏழு மணிக்குப் பதினைந்து நிமிஷம் எனக்கு. சின்னவன் ஓடி வந்தால், "அம்மா தியானத்துல இருக்கா, சத்தம் போடாதே!" என்று அத்தை போடுகிற சத்தம்தான் தெருவிலேயே பெரிய சத்தம். பரவாயில்லை. விபாசனாவில் கற்றுக்கொண்ட அதே மூச்சுக் கவனிப்பைத்தான் இந்தப் பதினைந்து நிமிஷமும் செய்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சரக்கு அங்கே வாங்கியது, அதைப் பிரித்து உபயோகிக்க அனுமதி கிடைத்தது இங்கே.

இன்னும் சிலதையும் கேட்பார்கள். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்கிற தியானப் பயிற்சிக்கு என் சித்தி பல வருஷமாகப் போகிறார், அவர்கள் மையம் இருக்கிற ஆழியாறுக்கும் போய்த் தங்கியிருக்கிறார், நல்லது என்றுதான் சொல்கிறார். நான் போய்ப் பார்த்ததில்லை, அதனால் சித்தியின் முகத்தில் தெரிகிற தெளிவுக்கு மேல் எதுவும் சொல்வதற்கில்லை. போன் ஆப்கள் எனக்கு ஒத்துவரவில்லை. பிள்ளையின் மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக் கத்திக்கொண்டிருக்கும்போது, "மூச்சைக் கவனிக்க ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்" என்று திரையில் வருகிறது. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் மூச்சு இருப்பதில்லை.

தனியாக இருப்பவர்கள், வீட்டில் ஏற்கெனவே தியானம் பழகியவர் யாராவது இருப்பவர்கள், பத்து நாள் லீவு கிடைப்பவர்கள் தாராளமாக விபாசனாவுக்குப் போகலாம். முட்டி சரியில்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால் நாற்காலி கொடுப்பார்கள். கூட்டுக் குடும்பமாக இருந்தால் முதலில் திருவண்ணாமலை, கையோடு மாமியார்.

இப்போது அத்தைக்கே அந்தப் பத்து நாள் முகாமுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்திருக்கிறது. பேசவே கூடாது என்று எடுத்துச் சொன்னேன். "நான் என்ன அவ்வளவா பேசறேன்?" என்றார். விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப வீட்டுக்காரர் காட்டிய வேகத்தை எங்கள் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதுகூட நான் பார்த்ததில்லை. அவசரத் தொடர்பு எண் கேட்கிற இடத்தில் மட்டும் என் நம்பரைப் போட்டிருக்கிறார்.