கரு நிற்பதற்கு முன்பே மனநல ஆலோசனை: மதுரையில் இந்தச் சேவையை எப்படிப் பெறுவது, எதை வைத்து மதிப்பிடுவது

மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் பெண் குழந்தைக்குத் திட்டமிடும்போது அவருக்கு இரண்டு டாக்டர்கள் தேவை. ஒருவர் மனநல டாக்டர், இன்னொருவர் மகப்பேறு டாக்டர். மதுரையில் இருவருக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒருவர் எழுதியது இன்னொருவர் மேசைக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் இந்தச் சேவையை நாங்கள் ஒரே ஒரு அளவுகோலில் பார்க்கிறோம்: வெளியே வரும்போது உங்கள் கையில் ஒரு எழுத்துத் திட்டம் இருக்கிறதா? எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது, பிரசவத்தின்போது யாருக்குத் தகவல் சொல்வது, பாலூட்டும்போது எது தொடரும்? இவை தாளில் இருந்தால் அது நல்ல ஆலோசனை. இல்லையென்றால் டாக்டர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

கருத்தடையை நிறுத்துவதற்குக் குறைந்தது 3 மாதம் முன்பே போங்கள், 6 மாதம் கிடைத்தால் நல்லது. மாத்திரையை மாற்றினால் புதியது வேலை செய்கிறதா என்று தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குப் பிறகு மனம் நிலையாக இருக்கிறதா என்று சில மாதம் பார்க்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போய், வீட்டில் சோதித்துப் பார்த்து, டாக்டரிடம் நேரம் வாங்கும்போது அந்தக் கட்டம் ஏறக்குறைய முடிந்திருக்கும்.

போகும்போது மாத்திரை அட்டைகளையே எடுத்துக்கொண்டு போங்கள். 'தூக்க மாத்திரை', 'நரம்பு மாத்திரை' என்று வாயால் சொன்னால் போதாது, ஏனென்றால் நம் கடைகளில் இரண்டு மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகள் நிறைய விற்கின்றன. மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் என்று நினைத்துச் சாப்பிடும் மாத்திரையில், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் குளோனாசெபாமும் சேர்ந்திருக்கலாம். அட்டையின் பின்புறம் இரண்டு பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். எஸ்சிட்டலோபிராமைப் பல பெண்கள் கர்ப்ப காலத்திலும் தொடர்கிறார்கள். குளோனாசெபாமைக் கூடியவரை முன்கூட்டியே, மெதுவாகக் குறைக்கப் பார்ப்பார்கள். கூட்டு மாத்திரையாக இருந்தால் ஒன்றை மட்டும் குறைக்க முடியாது. முதலில் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும்.

அட்டையில் பாராக்சட்டின் (இதுவும் மனச்சோர்வு மாத்திரை) என்று இருந்தால் கட்டாயம் கேளுங்கள். முதல் மூன்று மாதத்தில் அதை எடுத்தால் குழந்தையின் இதயக் குறைபாட்டு வாய்ப்பு சற்றுக் கூடுகிறது என்பதால் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். ஏற்கெனவே எடுப்பவருக்கு மாற்றுவதைப் பற்றிப் பேசுவார்கள். வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கும் சோடியம் வால்புரோயேட் இருந்தால் நிலைமை வேறு. பிறவிக் குறைபாடு ஏறத்தாழ 100க்கு 10 குழந்தைகளுக்கும், வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல் 100க்கு 30 முதல் 40 வரையும் வரும் மருந்து அது. அதை மாற்றி முடிக்கும்வரை கருத்தடையை விடக் கூடாது. தானாக நிறுத்தவும் கூடாது.

வயிற்றுக்கான மாத்திரையையும் மறக்காமல் காட்டுங்கள். வாயுத் தொல்லைக்கு எழுதும் ராபிபிரசோல் அல்லது பான்டோபிரசோலோடு லீவோசல்பிரைடு சேர்ந்திருப்பது சகஜம். அது பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை உயர்த்தி மாதவிடாயைக் குழப்பும், முட்டை வெளிவருவதைத் தடுக்கும். மனநல மருந்துகளான ரிஸ்பெரிடோனும் அமிசல்பிரைடும் அப்படித்தான். குழந்தை நிற்கவில்லை என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுப்பதற்கு முன் புரோலாக்டின் ரத்தப் பரிசோதனை ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். அமுக்கரா சூரணம் போன்றவற்றையும் சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தில் அமுக்கரா வேண்டாம்.

டாக்டர் என்ன சொல்கிறார் என்பதை எப்படி எடைபோடுவது? 'கர்ப்பம்னா எல்லாத்தையும் நிறுத்திடுங்க' என்று ஒரே வரியில் முடித்தால் அது ஆலோசனை ஆகாது. 'ஒண்ணும் ஆகாது' என்பதும் அப்படியே. இரு பக்கத்தையும் எண்ணோடு சொல்பவரே சரியான ஆள். எந்த மருந்தும் எடுக்காத தாய்மார்களுக்கும் 100க்கு 2 முதல் 3 குழந்தைகள் பெரிய பிறவிக் குறைபாட்டோடு பிறக்கின்றன. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைக் கடைசி மாதங்களில் எடுத்தால், பிறந்த குழந்தையின் நுரையீரல் ரத்த அழுத்தச் சிக்கல் 1000க்கு 2 என்பது 3 போல ஆகிறது. 100க்கு 30 குழந்தைகள் வரை முதல் சில நாள் நடுக்கம், அதிக அழுகை, பால் குடிக்கத் திணறல் காட்டலாம். பெரும்பாலும் தானே சரியாகும், ஆனால் குழந்தை டாக்டருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மறுபக்கத்தில், 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பத்தையொட்டி மாத்திரையை நிறுத்தியவர்களில் 68 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 26 சதவீதம் பேருக்கும் நோய் திரும்பியது. அவர்கள் பலமுறை நோய்ப்பட்டவர்கள். லேசான மனச்சோர்வு ஒரே முறை வந்து, நெடுநாள் நலமாக இருப்பவருக்கு அதே கணக்கு பொருந்தாது. அவருக்குப் பேச்சு சிகிச்சையோடு மெதுவாக நிறுத்திப் பார்ப்பது நியாயமான வழி. ஆகவே 'எத்தனை முறை வந்தது, எவ்வளவு கடுமையாக வந்தது, தற்கொலை எண்ணம் இருந்ததா, எப்போதாவது தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம் இருந்ததா' என்று கேட்காமலேயே முடிவு சொல்பவரிடம் அந்த முடிவை வாங்காதீர்கள். கடைசிக் கேள்வி மிக முக்கியம். சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் இருமுனை நோயாக இருந்தால் திட்டமே மாறும்.

நன்றாக வேலை செய்யும் மாத்திரையை 'இதைவிட அது பாதுகாப்பு' என்பதற்காக மட்டும் மாற்றுவதும் சரியல்ல. புதிதாகத் தொடங்குபவருக்குத் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே போகும் செர்ட்ரலின் நல்ல தேர்வு. எஸ்சிட்டலோபிராமில் தேறியவர் அதிலேயே இருக்கலாம்.

குறைப்பதென்றால் படிப்படியாக. செர்ட்ரலின் 100 என்றால் 75, 50, 25 என்று, ஒவ்வொரு படியிலும் 2 முதல் 4 வாரம். சட்டென்று விட்டால் சில நாளிலேயே தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி உணர்வு வரும். அது மாத்திரை விட்டதன் விளைவு. வாரங்கள் கழித்து, மெல்ல மெல்ல ஆர்வமின்மையும் அழுகையும் அதிகாலை விழிப்பும் வந்தால் நோய் திரும்புகிறது என்று பொருள். ஃபுளூஆக்சட்டின் மட்டும் உடலை விட்டு முழுதாகப் போக 5 வாரம் வரை ஆகும் என்பதால் விட்டதன் விளைவு தாமதமாகவும் லேசாகவும் இருக்கும்.

ஃபோலிக் ஆசிட்: பெரும்பாலோருக்குத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். கடையில் பெயரை மட்டும் சொன்னால் 5 மில்லிகிராம்தான் பெரும்பாலும் கைக்கு வரும். அது சர்க்கரை நோய், வலிப்பு மருந்து, முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு போன்ற நிலைகளுக்கானது. கூடவே டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே படுத்தும்.

இனி எங்கே போவது? கோரிப்பாளையம் பக்கமுள்ள பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை, எங்கள் முதல் பரிந்துரை. மனநலப் பிரிவும் மகப்பேறு பிரிவும் ஒரே மருத்துவமனையில் இருப்பதும், செலவில்லாமல் இருப்பதும் பெரிய பலம். காலை ஓ.பி.யில் விரிவாகப் பேச நேரம் குறைவு. அதனால் இதுவரை எடுத்த மாத்திரைகள், அளவு, எது கேட்டது, எது கேட்கவில்லை, எப்போது கரு வேண்டும் என்பதை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதும் மாத்திரை மாதாமாதம் மருந்தகத்தில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இல்லாத மாதத்தில் வேறு மாத்திரைக்குத் தானாக மாறாமல், அதே மருந்தை மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ விசாரிக்கலாம்.

உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்தவர்கள் மாதாமாதம் மதுரை வர வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் உங்கள் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரியுங்கள். திட்டத்தை மதுரையில் போட்டுக்கொண்டு, தொடர் மாத்திரையை அங்கே வாங்கலாம். தனியாரிடம் போனால் நேரம் வாங்கும்போதே 'கர்ப்பத் திட்டம் பற்றிப் பேச வேண்டும், கணவரும் வருவார்' என்று சொல்லிவிடுங்கள்.

14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பதற்றமான இரவுக்கும், எங்கே போவது என்று கேட்பதற்கும் நல்லது. மாத்திரை மாற்றும் முடிவுக்கு நேரில் பார்ப்பதே சரி.

திட்டம் உடையும் இடங்கள் இரண்டு. ஒன்று, நாள் தள்ளிப்போன அன்றே வீட்டில் 'மாத்திரையெல்லாம் வேண்டாம்' என்பார்கள். அதற்கான பதிலைத் தாளில் எழுதி வாங்குங்கள்: 'தானாக நிறுத்தக் கூடாது, ஒரு வாரத்துக்குள் வந்து பார்க்கவும்.' மற்றது, வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போவது. டாக்டர் மாறுவார், மருந்துக்கடை மாறும், சில வீடுகளில் அம்மாவுக்கே விஷயம் தெரியாது. திட்டத்தின் ஒரு நகலைத் தாய் சேய் நல அட்டைக்குள் வையுங்கள், இரண்டு மாத மாத்திரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் சொல்வது என்பது உங்கள் உரிமை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 அந்த ரகசியத்தைக் காக்கிறது, உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கும் உரிமையும் தருகிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் நோய் திரும்பும் ஆபத்து மிக அதிகம். தேதி குறிக்கும்போதே, பிறந்த 2ஆம் வாரத்துக்கும் 6ஆம் வாரத்துக்கும் மனநல டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். பிரசவத்தையொட்டிய மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ வினாத்தாள் தமிழிலும் உண்டு, 10 கேள்விதான். மதிப்பெண் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் காத்திருக்காமல் போங்கள். தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால், அல்லது குழப்பமும் தூக்கமின்மையும் திடீரென்று சேர்ந்து வந்தால், மதிப்பெண் பார்க்க வேண்டாம். அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.